செய்தித் தரகத்தை நிறுவுதலும் நிலைநிறுத்துதலும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொழிற்கூடப் பொறிகள் தரும் அளவீடுகளை வாங்கி, அவற்றைத் தேவைப்படும் நிரல்களுக்குப் பகிர்ந்தளிக்கும் இடைநிலை மென்பொருள் செய்தித் தரகம் எனப்படும். திறமூல உரிமத்தில் கிடைக்கும் மொஸ்கிட்டோ என்னும் தரகத்தை லினக்ஸ் வழங்கியில் நிறுவும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. நிறுவும் பணி ஓரிரு கட்டளைகளில் முடிந்துவிடுகிறது. ஆயினும் யாரை உள்ளே விடுவது, எதை எவ்வளவு காலம் வைத்திருப்பது, தொடர்பு அறுந்ததை எவ்வாறு அறிவிப்பது, செய்திக்கு எப்பெயரிடுவது ஆகிய நான்கு முடிவுகள் நிறுவுபவரிடமே விடப்படுகின்றன. இவற்றை இயல்பு அமைவுகளிடம் ஒப்படைத்தால் செய்திகள் எவ்வகைப் பிழையறிவிப்பும் இன்றி இழக்கப்படலாம் என்பதும், தமிழில் தலைப்பிடும்போது இச்சிக்கல் தனித்தன்மை பெறுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: செய்தித் தரகம், எம்கியூடிடி, மொஸ்கிட்டோ, லினக்ஸ், ஒருங்குறி, ஒரகடம்

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி தமிழகத்தின் செறிவான உற்பத்தி வட்டாரங்களுள் ஒன்று. 1971இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் ஆகிய இடங்களில் தொழிற்பூங்காக்களை அமைத்துள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், டைம்லர் நிறுவனத்தின் வணிக ஊர்தி ஆலை 2012இலும் செயற்பாட்டுக்கு வந்தன.

இப்பேராலைகளைச் சுற்றி, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு, நடுத்தரத் தொழிலகங்கள் இயங்குகின்றன. பேராலைகள் தம் கணினிக் கட்டமைப்பை வல்லுநர்களைக் கொண்டு அமைத்துக்கொள்ளும். சிறு தொழிலகத்திலோ கணினிப் பொறுப்பும் பராமரிப்புப் பொறுப்பும் பெரும்பாலும் ஒருவரிடமே இருக்கும். விலையின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருள் அவருக்குப் பெருந்துணை. எனினும் அதன் இயல்பு அமைவுகளின் விளைவை அவருக்கு எடுத்துச்சொல்ல விற்பனையாளர் எவரும் இல்லை. அவரையும், அவரைப் போன்றோரை உருவாக்கும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளின் விரிவுரையாளர்களையும் கருத்திற்கொண்டு இவ்விளக்கம் அமைகிறது.

1. தரவின் தேவை

விளக்கத்தின் பொருட்டு ஒரு தொழிலகத்தைக் கற்பித்துக்கொள்ளலாம். அங்குப் பற்சக்கரங்களை வன்மைப்படுத்தும் வெப்பப்பதனிடு உலை ஒன்றும் கடைசல் பொறிகள் சிலவும் உள்ளன. கரியேற்றும் உலையின் வெப்பம் ஏறத்தாழ 900 பாகை செல்சியசு அளவில் பல மணிநேரம் பிசகாமல் இருக்க வேண்டும். சற்றுத் தவறினாலும் பற்சக்கரம் கண்ணுக்கு நன்றாகவே தோன்றும். ஓடும் ஊர்தியில்தான் அதன் குறை வெளிப்படும். ஆகவே, பொருளோடு அது உருவான சூழலின் பதிவையும் வாங்குவோர் கேட்கின்றனர். 2016இல் வெளியான ஐஏடிஎப் 16949 என்னும் ஊர்தித் துறைத் தர நெறியும் உற்பத்திப் பதிவுகளைப் பேணுவதை வலியுறுத்துகிறது. பதிவில் கால்மணிநேர இடைவெளி விழுந்தால், அந்நேரத்தில் உலையில் இருந்த தொகுதி முழுவதும் ஐயத்துக்கு உள்ளாகும்.

இதே தரவு தொழிலாளரையும் தொடுகிறது. பொறி இயங்காதிருந்த நேரம் பணிமுறை வாரியாகக் கணக்கிடப்படும் இடங்களில், பொறி இயங்கிக்கொண்டிருக்கச் செய்தி மட்டும் வராமல் போனால், அந்நேரமும் இயங்கா நேரமாகவே பதிவாகும். அதற்கு விடைசொல்ல வேண்டியவர் பொறியை இயக்கியவர்.

2. சொல்லும் பொருளும்

உலையின் அளவீடு தரவுத்தளத்துக்கும், மேற்பார்வையாளரின் திரைக்கும், எச்சரிக்கை விளக்குக்கும் செல்ல வேண்டும். ஒவ்வொரு பொறியையும் ஒவ்வொரு பெறும் நிரலோடும் நேரடியாக இணைத்தால், 10 பொறிகளுக்கும் 5 நிரல்களுக்கும் 50 இணைப்புகள் தேவைப்படும். நடுவில் ஒரு தரகத்தை வைத்தால் 15 இணைப்புகள் போதும். பொறி தன் அளவீட்டை ஒரு தலைப்பின் கீழ் வெளியிடும். அத்தலைப்புக்குச் சந்தா செலுத்தியதைப் போலப் பதிவு செய்துகொண்ட நிரல்களுக்குத் தரகம் அதனை அனுப்பும். அனுப்புவதும் பெறுவதும் ஒன்றையொன்று அறியவேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் இம்மென்பொருளுக்கு வழங்கும் பெயரைத் ‘தரகர்’ எனப் பெயர்ப்பதே முதலில் தோன்றும். ஆயின் ‘தரகர்’ உயர்திணைச் சொல்லாதலின் ‘தரகர் அனுப்பியது’ எனத் திணை மயங்கும். மேலும் மாட்டுச் சந்தையிலும் நில விற்பனையிலும் தரகர் இரு தரப்பையும் அறிந்து, பேசி முடித்து, தரகும் பெறுவார். இம்மென்பொருள் விலை பேசுவதில்லை. பெரும்பாலும் செய்தியின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதுமில்லை. உறையின்மேல் உள்ள தலைப்பை மட்டுமே பார்க்கிறது. இவ்வகையில் அது அஞ்சல் பிரிப்பகத்துக்கே நெருக்கமானது. எனினும் தரகு என்னும் வேர் வழக்கில் ஊன்றிவிட்டமையால், அஃறிணை ஈறு பெற்ற ‘தரகம்’ என்னும் வடிவம் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

3. தோற்றமும் தேர்வும்

திறமூலத் தரகங்கள் பல உள்ளன. நிதித்துறையின் தேவையிலிருந்து பிறந்தது ஏஎம்கியூபி நெறிமுறை. ஜேபி மார்கன் சேஸ் வங்கியில் 2003இல் இதற்கான பணி தொடங்கியது. இந்நெறிமுறைக்காக எர்லாங் மொழியில் எழுதப்பட்ட ராபிட்எம்கியூ 2007இல் வெளியாயிற்று. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011இல் திறமூலமாக்கப்பட்ட காஃப்கா, பெருந்தொகுதித் தரவோட்டத்துக்கு உரியது.

தொழிற்கூடப் பொறிகளுக்கு மிக அணுக்கமானது எம்கியூடிடி நெறிமுறை. ஐபிஎம் நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் அப்போது ஆர்காம் நிறுவனத்திலிருந்த ஆர்லன் நிப்பரும் 1999இல் இதனை வகுத்தனர். பாலைநிலத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பது அவர்கள்முன் இருந்த சிக்கல். இணைப்புக்குச் செலவு மிகுதி. அடிக்கடி அறுபடவும் செய்யும். ஆகவே செய்தியின் நிலைத்தலைப்பகுதி 2 பைட் அளவுக்குச் சுருக்கப்பட்டது. இணைப்பு அறுவது இயல்பு என்னும் எண்ணத்தின்மேல் நெறிமுறை கட்டப்பட்டது. இதன் 3.1.1 வடிவம் 2014இல் ஓயாசிஸ் அமைப்பின் செந்தரமாயிற்று, 2016இல் பன்னாட்டுச் செந்தரமாகவும் ஏற்கப்பட்டது, 5.0 வடிவம் 2019இல் வந்தது.

இந்நெறிமுறைக்கான தரகங்களுள் மொஸ்கிட்டோ சிறியது. ரோஜர் லைட் என்பவரால் சி மொழியில் எழுதப்பட்டுப் பின்னர் எக்லிப்ஸ் அறக்கட்டளையின் திட்டமாயிற்று. பழைய மேசைக் கணினியிலோ ராஸ்பெர்ரி பை போன்ற சிறு பலகைக் கணினியிலோ அது நன்கு இயங்கும் என்பதால் இங்கு அதுவே எடுத்துக்காட்டாகிறது.

4. நிறுவும் முறை

டெபியன் அல்லது உபுண்டு வழங்கியில் நிறுவுவதாகக் கொள்வோம். கட்டளைகள் ஈண்டு ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன. தட்டச்சிடுகையில் உரோமன் எழுத்திலேயே இட வேண்டும். முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ எனக் கூறித் தொகுப்புப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். அடுத்து ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் மொஸ்கிட்டோ மொஸ்கிட்டோ-கிளையண்ட்ஸ்’ என்னும் கட்டளை தரகத்தையும் சோதனைக் கருவிகளையும் நிறுவும். நிறுவியவுடன் சேவை தானே தொடங்கிவிடும். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் மொஸ்கிட்டோ’ என வினவினால் அது இயங்குவதைக் காணலாம். வழங்கி மீண்டும் தொடங்கும்போது சேவையும் தொடங்குவதை ‘எனேபிள்’ கட்டளையால் உறுதிசெய்து கொள்ளலாம்.

சோதனைக்கு இரு முனையச் சாளரங்கள் போதும். ஒன்றில் சந்தாக் கருவியை இயக்கி ‘உலை/1/வெப்பம்’ என்னும் தலைப்பைக் கேட்கச் செய்ய வேண்டும். மற்றொன்றில் வெளியீட்டுக் கருவியைக் கொண்டு அதே தலைப்பில் 915 என அனுப்ப வேண்டும். முதற் சாளரத்தில் 915 தோன்றினால் நிறுவுதல் முடிந்தது. பயிற்சி ஏடுகள் பலவும் இவ்விடத்தில் முடிந்துவிடுகின்றன. தொழிற்கூடத்தின் சிக்கல்களோ இவ்விடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

5. வாயிற்காப்பு

2020 திசம்பரில் வெளியான 2.0 பதிப்புக்கு முன்னர், நிறுவிய மொஸ்கிட்டோ எல்லாப் பிணைய முகவரிகளிலும் செவிகொடுத்தது. பெயரோ கடவுச்சொல்லோ கேளாமல் எவரையும் ஏற்றது. 2.0 முதல் இந்நிலை தலைகீழாயிற்று. அமைவு ஏதும் தராவிடில் அதே கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே தரகம் ஏற்கும். ஆகவே, சோதனையில் வெற்றி கண்டவர் உலைக்கட்டுப்பாட்டுக் கருவியை இணைக்கும்போது மறுக்கப்படுவார். அப்போது பழைய வழிகாட்டி ஒன்றைப் பார்த்து, பெயரிலி அணுகலை அனுமதிக்கும் வரியைச் சேர்த்துவிடுவது எளிது. கருவி உடனே இணையும். ஆலையின் கம்பியில்லா இணைப்பைப் பெற்ற எந்தக் கைப்பேசியும் உலையின் பெயரால் பொய்யளவீடு அனுப்பலாம் என்னும் நிலையும் உடன் உண்டாகும்.

முறையான வழி சற்றே நீண்டது. அமைவுக் கோப்பில் ஆலைப் பிணையத்தின் முகவரியையும் 1883 என்னும் வாயில் எண்ணையும் குறிக்க வேண்டும். பெயரிலி அணுகலை மறுக்கும் வரி, கடவுச்சொற் கோப்பின் இடம், அணுகல் உரிமைக் கோப்பின் இடம் ஆகியவற்றையும் எழுத வேண்டும். கடவுச்சொற்களை ‘மொஸ்கிட்டோ பாஸ்வேர்டு’ கருவி உருவாக்கும். அதன் ‘சி’ விருப்பக்குறி முதன்முறைக்கு மட்டுமே உரியது. இரண்டாம் பயனரைச் சேர்க்கும்போதும் அதனை இட்டால் பழைய கோப்பு அழிந்து முதற்பயனர் வெளியே தள்ளப்படுவார்.

அணுகல் உரிமைக் கோப்பில், உலைக் கருவி தன் தலைப்பில் எழுத மட்டும், திரை நிரல் படிக்க மட்டும் என வரையறுக்கலாம். ஆலைக்கு வெளியே செய்தி செல்லுமாயின் டிஎல்எஸ் மறையாக்கமும் அதற்குரிய 8883 வாயிலும் இன்றியமையாதவை. தீயரணில் தேவையான வாயிலை, தேவையான முகவரிகளுக்கு மட்டும் திறப்பது இறுதிப் படி.

6. மின்தடையும் நினைவும்

எம்கியூடிடி மூன்று சேவைத் தரநிலைகளைத் தருகிறது. 0 எனில் செய்தி மிகுதியாக ஒருமுறை சேரும், சேராமலும் போகலாம். 1 எனில் குறைந்தது ஒருமுறை சேரும்; இருமுறையும் சேரலாம். 2 எனில் சரியாக ஒருமுறை சேரும். உலை வெப்பத்துக்கு 1 போதும். உற்பத்தி எண்ணிக்கைக்கு 1 பயன்படுமாயின் ஒவ்வொரு செய்தியிலும் வரிசை எண் இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு பற்சக்கரம் இரண்டாக எண்ணப்படும்.

தரநிலை 1இல் தரகம் ‘பெற்றேன்’ என ஒப்புகை அனுப்பியதும் கருவி தன் படியை நீக்கிவிடும். இவ்வொப்புகை ‘வட்டில் எழுதினேன்’ என்று பொருள்படாது. மொஸ்கிட்டோ 2.0 வரிசை செய்திகளை நினைவகத்தில் வைத்திருக்கிறது. நிலைச்சேமிப்பு இயக்கப்பட்டிருந்தால், முறையாக நிறுத்தப்படும்போதும், இயல்பு அமைவில் 1800 நொடிகளுக்கு ஒருமுறையும் அவற்றை வட்டில் எழுதுகிறது. இடையில் மின்சாரம் திடீரென நின்றால், பெறும் நிரலுக்காகக் காத்திருந்த செய்திகளில் கடந்த அரைமணிநேரம் வரையிலானவை மறையக்கூடும். அனுப்பியவரிடமும் படி இராது.

மற்றோர் எல்லை வரிசை நீளம். தரவுத்தள நிரல் பழுதாகி நின்றால், அதற்குரிய செய்திகள் தரகத்தில் காத்திருக்கும். அதற்கு அந்நிரல் மாறாத அடையாளப்பெயருடனும் நிலைத்த அமர்வுடனும், தரநிலை 1 அல்லது அதற்கு மேலான சந்தாவுடனும் முன்பே இணைந்திருக்க வேண்டும். காத்திருக்கும் செய்திகளின் எண்ணிக்கை இயல்பாக 1000. நொடிக்கு ஒன்று வீதம் வந்தால் 16 நிமிடம் 40 நொடியில் வரிசை நிரம்பிவிடும், பின்வருவன கைவிடப்படும். நண்பகல் உணவு இடைவேளையே இதனினும் நீண்டது.

இவற்றுக்குத் தீர்வுகள் உள்ளன. வழங்கிக்குத் தடையிலா மின்கலம் இட்டு, மின்கலம் தீருமுன் அது முறைப்படி நிற்குமாறு செய்வது முதல் தீர்வு. சேமிப்பு இடைவெளியைக் குறைப்பது இரண்டாவது; ஒவ்வொரு முறையும் முழுநினைவும் எழுதப்படுவதால் வட்டின் சுமை கூடும் என்பதை மறக்கலாகாது. வரிசை வரம்பை நினைவக அளவுக்கேற்ப உயர்த்துவது மூன்றாவது. பதிவு சட்டச்சான்றின் தகுதி பெறுமாயின், தரவுத்தளத்தில் சேர்ந்ததற்கான தனி ஒப்புகை வரும்வரை கருவியே தன் படியை வைத்திருக்கச் செய்வதே உறுதியான வழி. ராபிட்எம்கியூவில் நிலைத்த வரிசைக்கு அனுப்பப்படும் நிலைத்த செய்திகளுக்கு, வட்டில் எழுதிய பின்னரே வெளியீட்டு ஒப்புகை தரும் வசதி உண்டு. தேர்வு வேகத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதற்கு இது சான்று.

7. பொறி நின்றதா, செய்தி நின்றதா?

அளவீடு வரவில்லையெனில் இரு காரணங்கள் இருக்கலாம்: பொறி நின்றிருக்கலாம், இணைப்பு அறுந்திருக்கலாம். திரையில் இரண்டும் ஒரே வெறுமையாகத் தெரியும். இவற்றைப் பிரித்தறிய எம்கியூடிடி ‘இறுதி உயில்’ என்னும் ஏற்பாட்டை வைத்துள்ளது. கருவி இணையும்போதே, ‘நான் சொல்லாமல் மறைந்தால் இச்செய்தியை வெளியிடுக’ எனத் தரகத்திடம் ஒரு செய்தியை ஒப்படைக்கும். உயிர்ப்புக் காலத்தை 60 நொடி என அமைத்தால், 90 நொடிவரை ஓசையின்றிப் போன கருவியின் இணைப்பைத் தரகம் முடித்து, அதன் உயிலை வெளியிடும்.

இதனோடு தக்கவைக்கும் செய்தியையும் இணைத்தால் மூன்று நிலைகள் தெளிவாகும். இணைந்ததும் ‘இயக்கத்தில்’, பொறியை நிறுத்தும்போது ‘நிறுத்தப்பட்டது’, உயிலில் ‘தொடர்பு அறுந்தது’. முறையாக விடைபெறும் கருவியின் உயில் வெளியிடப்படாது என்பதால் இரண்டாம் நிலையைக் கருவியே அனுப்ப வேண்டும். தக்கவைத்தமையால் பின்னர் இணையும் திரையும் இறுதி நிலையை உடனே அறியும். இயங்கா நேரக் கணக்கில் மூன்றாம் நிலையைத் தனி நிரலில் வைப்பது தொழிலகத்துக்குச் சிறு பணி. பிணையத்தின் குறை தன் பெயரில் எழுதப்படாமையின், பொறியை இயக்குபவருக்கு அது நியாயம்.

8. தமிழ்த் தலைப்புகள்

எம்கியூடிடி தலைப்புகள் யூடிஎப்-8 குறியாக்கத்தில் அமைவதால் தமிழிலும் அவற்றை எழுதலாம். தொழிற்கூடத்தில் புழங்கும் சொற்களிலேயே தலைப்பு அமைவது பராமரிப்புக்கு உதவும். அளவில் தடையில்லை: தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும், ‘ஒரகடம்’ 6 குறியெண்களால் 18 பைட் ஆகும், தலைப்பின் உச்ச வரம்போ 65,535 பைட்.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ‘பொறி’ என்னும் சொல்லின் ஒகரக் குறியை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம். 3018 என்னும் ஒற்றைக் குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்புக்குரிய 3014, காலுக்குரிய 3006 என இரண்டாகவும் எழுதலாம். முதல் வகையில் ‘பொறி’ 12 பைட். இரண்டாம் வகையில் 15 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. ‘மோட்டார்’ என்னும் சொல்லின் ஓகாரத்துக்கும் இது பொருந்தும். விசைப்பலகை மென்பொருளைப் பொறுத்தும், பழைய எழுத்துரு ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றிய நிரலைப் பொறுத்தும் இவ்வேறுபாடு நுழைகிறது.

இவ்விரு வடிவும் நிகரானவை என ஒருங்குறிச் செந்தரம் கூறுகிறது. எம்கியூடிடி செந்தரமோ, தலைப்புகளை ஒப்பிடும்போது வழங்கி எவ்வித இயல்பாக்கமும் செய்யலாகாது என விதிக்கிறது. ஆகவே 12 பைட் ‘பொறி’யில் வெளியிடப்படும் செய்தி 15 பைட் ‘பொறி’க்குச் சந்தா செய்த நிரலைச் சென்றடையாது. கேட்போர் இல்லாத தலைப்பில் வெளியிடுவது நெறிமுறையில் பிழையாகாது என்பதால் எச்சரிக்கையும் எழாது. குறை தேடுபவர் இரு தலைப்புகளையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாலும் வேறுபாட்டைக் காணமாட்டார். வங்கம், ஒடியா, மலையாளம் ஆகிய எழுத்து முறைகளிலும் இவ்வாறு இணைந்தும் பிரிந்தும் எழுதத்தக்க உயிர்க்குறிகள் உள்ளன.

தீர்வு எளிது. அனுப்பும் நிரலும் சந்தா செய்யும் நிரலும் தலைப்பைப் பயன்படுத்துமுன் ஒருங்குறியின் இணைவு இயல்பாக்கத்துக்கு உட்படுத்த வேண்டும். பைதான் முதலிய மொழிகளில் இது ஒற்றை வரிப்பணி. தலைப்புகளைக் கையால் தட்டச்சிடாமல் ஒரே பட்டியலிலிருந்து எடுப்பது இதற்கு அரணாகும். நிரலை மாற்ற இயலாத பழைய கருவிகளுக்குத் தலைப்பை எண்களால் அமைத்து, தமிழ்ப் பெயரைச் செய்தியின் உள்ளடக்கத்தில் வைக்கலாம், உள்ளடக்கம் ஒப்பிடப்படுவதில்லை.

முடிவுரை

மேலே கண்ட இழப்புகளுக்குப் பொதுத்தன்மை ஒன்று உண்டு. நினைவகத்தில் மறைந்த அரைமணிநேரம், நிரம்பிய வரிசையில் கைவிடப்பட்ட அளவீடு, கேட்பாரற்ற தலைப்பில் விழுந்த எச்சரிக்கை ஆகிய எதிலும் சேவை ‘இயங்குகிறது’ என்றே நிலையறிக்கை கூறும். ஆகவே ‘நிறுவப்பட்டது’ என்பதற்குச் சான்று அந்நிலையறிக்கையாகாது. பணியில் சேர்க்குமுன், சோதனைக்குரிய நேரத்தில் வழங்கியின் மின்சாரத்தைத் துண்டித்தும், தரவுத்தள நிரலை 20 நிமிடம் நிறுத்தியும், கருவியின் பிணையக் கம்பியைப் பிடுங்கியும், ஒரே தமிழ்த் தலைப்பை இருவேறு விசைப்பலகைகளில் தட்டச்சிட்டும் பார்க்க வேண்டும். அதன்பின் அனுப்பிய செய்திகளையும் சேர்ந்த செய்திகளையும் வரிசை எண்ணால் ஒப்பிட வேண்டும்.

இந்நான்கு சோதனைகளுக்கும் ஒரு பிற்பகல் போதும். பழைய கணினி ஒன்றைத் தவிரச் செலவும் இல்லை. பல்தொழில்நுட்பக் கல்லூரிகளின் ஆய்வகப் பாடத்தில், நிறுவும் கட்டளைகளுக்கு அடுத்த பயிற்சியாக இவை இடம்பெறின், வழித்தடத்தின் சிறு தொழிலகங்களுக்குச் செல்லும் மாணவர், தரகத்தைத் தொடங்குவதோடு அதனை ஐயுறவும் கற்றவராகச் செல்வர்.